தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டையைத் தவிரப் பார்க்க என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது. கோட்டையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்.

முதலில் கடலோரம் இருக்கும் மாசிலாமணிநாதர் கோயிலுக்குப் போங்கள். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. முன்பகுதியைக் கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது; இந்த ஊரிலேயே என் மனதை அதிகம் தொடுவது இந்தக் கோயில்தான். கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. தஞ்சை ரகுநாத நாயக்கரின் அனுமதியோடு டேனிஷ்காரர்கள் 1620-இல் கோட்டை கட்ட வருவதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே இது வாழ்ந்த ஊர் என்பதற்கு அதுவே சாட்சி.

அடுத்து ராஜ வீதி. 1792-இல் கட்டிய நகர வாயில் வழியாக நடந்தே உள்ளே வாருங்கள். 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் ஜெர்மானியக் கிறிஸ்தவ மதபோதகர் சீகன்பால்குவின் கல்லறை இருக்கிறது. 1706-இல் வந்தவர், உள்ளூர்க்காரர்களிடமே தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் இங்கேயே அச்சிட்டார். காகிதத் தட்டுப்பாடு வந்ததும் பக்கத்துப் பொறையாறில் காகிதப் பட்டறையே வைத்தார்கள்.

1845-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. காரைக்காலிலிருந்து பஸ் உண்டு. வெயில் ஏறுமுன் காலையிலேயே வந்துவிடுங்கள்.