பந்தயத்தின் நடுவே உடம்பு மக்கர் செய்தால்: டிரையத்லான் கேள்வி-பதில்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து ஒரே பந்தயமாக முடிப்பதுதான் டிரையத்லான். இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி வயிற்றைப் பற்றியவை. அதனால் அதற்கே இடம் அதிகம். எல்லாப் பதிலுக்கும் அடியில் இருக்கும் கணக்கு ஒன்றுதான்: வயிறும் தசையும் கெட்டால் வேகத்தைக் குறைத்து முடிக்கப் பார்க்கலாம், மூளையோ மூச்சோ நெஞ்சோ கெட்டால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும்.

கேள்வி: அரை அயர்ன்மேன் தூரத்துக்கு (1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம்) பயிற்சி செய்கிறேன். நீண்ட சைக்கிள் நாட்களில் 60 கிலோமீட்டர் தாண்டியதும் குமட்டல், பிறகு வாந்தி. போட்டியன்று இப்படி ஆனால் விலகுவதா, தொடர்வதா? (திருமங்கலம்)

தொடரலாம். ஆனால் முதல் 20 நிமிடத்தை எப்படிக் கடத்துகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வண்டியை ஓரங்கட்டி நிழலில் நில்லுங்கள். வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள், விழுங்க வேண்டாம். இரண்டு மூன்று நிமிடம் கழித்து இலகுவான கியரில் கிளம்புங்கள். ஏரோ பாரில் (குனிந்து முழங்கையை ஊன்ற முன்னால் நீளும் கைப்பிடி) குனிந்தால் வயிறு அமுங்கும், நிமிர்ந்தே ஓட்டுங்கள். அடுத்த 15 நிமிடத்துக்கு ஜெல் (சிறு உறையில் வரும் சர்க்கரைக் கூழ்), இனிப்பு பானம் எதுவும் வேண்டாம். அதன்பின் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மடக்கு வெறும் தண்ணீர். அரை மணி நேரம் அது உள்ளே தங்கினால், பானத்தில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து அதே அளவில் குடியுங்கள். பசி என்ற உணர்வு திரும்பினால் பிழைத்தீர்கள்.

வேகம் போய்விடுமே என்று பலர் இந்த இடைவெளியைக் கொடுப்பதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். மீதி 30 கிலோமீட்டரை மணிக்கு 30 வேகத்தில் ஓட்டினால் 60 நிமிடம். 24 வேகத்தில் ஓட்டினால் 75 நிமிடம். இழப்பு கால் மணி நேரம். குமட்டலோடு மிதித்துவிட்டு 21.1 கிலோமீட்டர் ஓட்டத்தில் உட்கார்ந்து போனால் இழப்பது முழுப் பந்தயம். வழக்கமான கெடு சைக்கிள் முடிய ஐந்தரை மணி, மொத்தம் எட்டரை மணி (உங்கள் போட்டியின் விதிப் புத்தகத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்). கடைசி நொடியில் சைக்கிளை முடித்தாலும் ஓட்டத்துக்கு மூன்று மணி நேரம், அதாவது கிலோமீட்டருக்கு எட்டரை நிமிடம் கிடைக்கும். வெறும் நடை இதற்குப் போதாது. மூன்று நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் வேக நடை என்று மாற்றி மாற்றிப் போனால் ஏறக்குறைய எட்டு நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் கடக்கும்.

இனி காரணம். கடுமையாக மிதிக்கும்போது ரத்தம் காலுக்கும் தோலுக்கும் போய்விடுகிறது, குடலுக்குப் பங்கு குறைகிறது. அந்த நேரத்தில் கெட்டியான சர்க்கரை உள்ளே போனால் வயிறு அதைக் கீழே தள்ளாமல் வைத்துக்கொள்ளும். ஓட்டும்போது வயிற்றில் 'களக் களக்' என்று சத்தம் கேட்டால் இதுதான் நடக்கிறது. மணிக்கு இரண்டு ஜெல் (சுமார் 50 கிராம் மாவுச்சத்து), அதோடு 8 சதவீதப் பானம் அரை லிட்டர் (40 கிராம்) எடுத்தால் 90 கிராம் ஆகிவிடுகிறது. பயிற்சியில் 40 கிராம் எடுத்துப் பழகிய குடலுக்கு இது அடைமழை. ஜெல் எடுத்தால் அதோடு 150 முதல் 200 மி.லி. வெறும் தண்ணீர், பானம் எடுத்தால் ஜெல் இல்லை. ஒரு வாயில் இரண்டும் கூடாது. அளவைக் கூட்ட ஆசைப்பட்டால் நீண்ட பயிற்சியில் ஒரு மணி நேரத்துக்கான அளவை வாரம் 10 கிராம் வீதம் ஏற்றுங்கள், குடலும் பழகும்.

வீட்டிலேயே கலக்க: ஒரு லிட்டர் தண்ணீர், 60 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சை. காலையில் இட்லியும் சர்க்கரையும் போதும். சாம்பார், தேங்காய்ச் சட்னி, முந்தின இரவு கீரை, கொண்டைக்கடலை எல்லாம் பந்தயம் முடிந்த பிறகு. ஜிகர்தண்டாவும் அப்படியே. பால், கடல்பாசி, ஐஸ்கிரீம் மூன்றையும் வைத்துக்கொண்டு யாராலும் ஓட முடியாது.

வாந்தியில் ரத்தமோ காப்பிப்பொடி நிறமோ தெரிந்தாலும், ஒரு மணி நேரமாக ஒரு மடக்கும் தங்காவிட்டாலும் விலகுங்கள்.

கேள்வி: இளநீரும் தண்ணீரும் நிறையக் குடித்தும் தலைவலி, மோதிரம் கழற்ற முடியாத அளவுக்கு விரல் வீக்கம். இன்னும் குடிக்க வேண்டுமா? (உசிலம்பட்டி)

வேண்டாம், உடனே நிறுத்துங்கள். நீங்கள் சொல்வது நீரிழப்பின் அடையாளம் இல்லை. நீர் மிகுந்து ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போவதன் அடையாளம். லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே போனாலே சோடியம் குறைவு. வேகமாக இறங்கினால் மூளை வீங்கி வலிப்பு வரை போகும். இளநீரில் பொட்டாசியம் தாராளம், சோடியம் கொஞ்சம். வியர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். எனவே இளநீரை மட்டும் நம்பினால் கணக்கு நேராகாது.

அளவைத் தெரிந்துகொள்ள ஒரு மணி நேரப் பயிற்சி போதும். முன்னும் பின்னும் உடை குறைத்து எடை பாருங்கள். 68.0 கிலோ 67.1 ஆனது, இடையில் அரை லிட்டர் குடித்தீர்கள் என்றால் வியர்வை மணிக்கு 1.4 லிட்டர். குடிப்பது இதைத் தாண்டவே கூடாது. தாகத்துக்கு ஏற்பக் கொஞ்சம் குறைவாக இருப்பதே நல்லது. பந்தயம் முடிந்தபின் எடை கூடியிருந்தால் அதுவே எச்சரிக்கை. தலைவலியோடு குழப்பமும் சேர்ந்தால் மருத்துவக் கூடாரத்துக்குப் போய் 'நிறையக் குடித்தேன்' என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். சாதாரண குளுக்கோஸ் ஏற்றினால் நிலைமை மோசமாகும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் ஓடுகிறார். வழியில் நின்று பார்க்கும் நான், அவருக்கு வெயில் தாக்கியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (கே.புதூர்)

மூன்று கேள்வி கேளுங்கள்: உங்கள் எண் என்ன? இது எத்தனையாவது சுற்று? இன்னும் எவ்வளவு தூரம்? பதில் தப்பினாலோ, காரணமில்லாமல் எரிந்து விழுந்தாலோ, கால் கோணினாலோ வெயில் அதிர்ச்சி என்றே எடுத்துக்கொண்டு ஆளைக் கூப்பிடுங்கள். தோல் காய்ந்திருக்கும் என்று பழைய பாடத்தில் படித்திருப்பீர்கள். ஓடுகிறவருக்கு வியர்வை கொட்டிக்கொண்டிருக்கும்போதே உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கலாம். நெற்றியில் காட்டும் கருவியை நம்பாதீர்கள். சரியான அளவு மலக்குடல் வெப்பமானியில்தான் கிடைக்கும்.

முதலில் குளிரவைப்பது, பிறகுதான் ஆம்புலன்ஸ் பயணம். 108-க்கு ஒருவர் அழைக்கட்டும், மற்றவர்கள் கழுத்து வரை குளிர்ந்த நீரில் இறக்குங்கள். அழகர்கோயில் சாலை, மேலூர் பக்கம் என்றால் பம்புசெட் தொட்டி கண்ணில் படும், அதுவே போதும். தலை மூழ்காமல் இருக்க ஒருவர் பின்னாலிருந்து இரண்டு அக்குளையும் பிடித்துக்கொள்ள வேண்டும். தொட்டி இல்லையா? நிற்காமல் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸில் நனைத்த துண்டுகளைக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் மாற்றி மாற்றி வையுங்கள். அரை மணி நேரத்துக்குள் வெப்பம் இறங்கினால் உயிர் தப்பும் வாய்ப்பு மிக அதிகம். பாராசிட்டமால் இதற்கு வேலை செய்யாது. நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

கேள்வி: நீச்சல்குளத்தில் ஒரு கிலோமீட்டர் சுலபமாக நீந்துகிறேன். திறந்த நீரில் இருநூறு மீட்டரிலேயே மூச்சு முட்டுகிறது. (ரேஸ்கோர்ஸ், மதுரை)

பெரும்பாலும் பதற்றம்தான். மல்லாந்து மிதந்து, வெளிமூச்சை நீளமாக விடுங்கள். ஓரிரு நிமிடத்தில் அடங்கும். காவல் படகைப் பிடித்து இளைப்பாற விதி இடம் தருகிறது, அதைப் பிடித்தபடி முன்னால் நகரக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் ஓய்வெடுத்தும் அடங்காத இருமல், நெஞ்சில் கரகரப்பு, நுரையோ இளஞ்சிவப்புச் சளியோ வந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. குடித்த ஏரித் தண்ணீர் இல்லை அது. உங்கள் ரத்தக்குழாயிலிருந்து கசிந்தது. கையை உயர்த்தி வெளியே வந்துவிடுங்கள், அன்று சைக்கிளைத் தொடாதீர்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களும் நீச்சலுக்கு முன் லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிப்பவர்களும் கூடுதல் கவனம் வைக்க வேண்டும்.

கேள்வி: முந்தின நாள் சளி, லேசான காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு ஓடலாமா? (மேலூர்)

மூக்கொழுகலும் தும்மலும் மட்டும் என்றால் மெதுவாக முயலலாம். காய்ச்சல், உடம்புவலி, நெஞ்சுச் சளி இருந்தால் கூடாது. வைரஸ் இதயத் தசையைத் தொட்டிருந்தால் கடும் உழைப்பில் துடிப்பு தாறுமாறாகும். மாத்திரை காய்ச்சலை மறைக்கும், காரணத்தைப் போக்காது. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகையைப் பந்தய நாளில் தொடவே வேண்டாம். வியர்த்து வற்றிய சிறுநீரகத்துக்கு அது இரண்டாவது அடி.

கேள்வி: தடுமாறினால் நண்பர் தாங்கிக்கொண்டு வரலாமா? தவழ்ந்து முடித்தால் செல்லுமா? (வாடிப்பட்டி)

எந்த விதியின் கீழ் போட்டி நடக்கிறது என்பதைப் பொறுத்தது. 1982-இல் ஹவாய் அயர்ன்மேனில் ஜூலி மாஸ் தவழ்ந்து எல்லையைத் தொட்டு இரண்டாம் இடம் பெற்றார். அயர்ன்மேன் விதியில் இன்றும் தவழலாம். உலக டிரையத்லான் (இந்த விளையாட்டின் சர்வதேசக் கூட்டமைப்பு) விதியிலோ ஓடலாம், நடக்கலாம், தவழக் கூடாது. 2016-இல் மெக்சிகோவின் கோஸுமெலில் பிரிட்டன் வீரர் அலிஸ்டர் பிரவுன்லி, வெயிலில் தள்ளாடிய தம்பி ஜானியைத் தாங்கி எல்லை வரை கொண்டுவந்தார். அதன்பின் சக வீரரை உடல்ரீதியாக முன்னேறச் செய்வது தடை செய்யப்பட்டது. பார்வையாளராக நிற்கும் நண்பர் தாங்கினாலும் உங்களுக்குத்தான் தண்டனை. நரம்பில் திரவம் ஏற்றிக்கொண்டு திரும்ப ஓடுவதும் நடக்காது: மருத்துவமனைச் சிகிச்சை போன்ற விலக்குகள் தவிர, 12 மணி நேரத்தில் 100 மி.லி.க்கு மேல் ஏற்றுவது ஊக்கமருந்துத் தடை விதிப்படியே குற்றம்.

கேள்வி: முடித்தாயிற்று. எத்தனை நாள் கவனிக்க வேண்டும்? (சோழவந்தான்)

முதல் இரண்டு நாள் சிறுநீர் நிறம் பாருங்கள். கருப்பட்டிக் காப்பி போல் இருந்தால் தசை சிதைந்து சிறுநீரகத்துக்குப் போகிறது; அன்றே மருத்துவமனையில் சி.கே. (தசைச் சிதைவைக் காட்டுவது), கிரியாட்டினின் (சிறுநீரக நிலையைக் காட்டுவது) ரத்தச் சோதனை. கண்மாய், அணை நீரில் நீந்தியிருந்தால் கவனம் ஒரு மாதம் வரை நீள வேண்டும். எலிக்காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் வெளிப்படும், சிலருக்கு 30 நாள்கூட ஆகும். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், கேட்பதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள்: 'இன்ன தேதியில் கண்மாயில் நீந்தினேன்.'