பழைய அடோபி வீடு: சுவரடியில் ஓதம், சிமெண்ட் பூசலாமா?

கேள்வி: நியூ மெக்சிகோவில், சாண்டா ஃபேக்கு வெளியே ஒரு பழைய அடோபி வீடு வாங்கியிருக்கிறோம். 150 வருடத்துக்கு மேலான வீடு என்று சொல்லி விற்றார்கள். வெளியே சிமெண்ட் பூச்சு. அதில் அங்கங்கே விரிசல். உள்ளே வடக்குச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு பெயிண்ட் உரிந்து வெள்ளையாக உப்புப் பூக்கிறது. இன்னொரு கோட் சிமெண்ட் பூசினால் நின்றுவிடும் என்கிறார் கான்ட்ராக்டர். பூசலாமா? வீட்டின் வயதை எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: பூசாதீர்கள். உங்கள் சுவரைக் கெடுத்ததே பெரும்பாலும் அந்த சிமெண்ட்தான்.

அடோபி என்பது சுடாத மண்கல். மண், மணல், கொஞ்சம் வைக்கோல் சேர்த்துப் பிசைந்து, அச்சில் வார்த்து, வெயிலில் காயவைத்தது. காய்ந்திருக்கும் வரை கூரையைத் தாங்கும். நனைந்தால் மறுபடி சேறுதான். பழைய வீடுகளில் மேலே பூசியதும் மண்ணே. மழையில் அது கொஞ்சம் குடிக்கும், வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அப்படி இல்லை. மயிரிழை விரிசல் போதும், தண்ணீர் உள்ளே போய்விடும். தரையிலிருந்தும் ஓதம் ஏறும். வெளிப்பக்கம் அடைத்திருப்பதால் அந்த ஈரம் உங்கள் அறைப் பக்கம் வந்து காய்கிறது. அது விட்டுப்போகும் உப்பைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள்.

இதை ஊரே பார்த்திருக்கிறது. இதே மாநிலத்தில், ராஞ்சோஸ் டி தாவோஸ் ஊரில் உள்ள பழைய அடோபி தேவாலயமான சான் ஃபிரான்சிஸ்கோ டி அசிஸுக்கு 1967-இல் சிமெண்ட் பூசினார்கள். உள்ளே சுவர் ஈரமேறிக் கரையத் தொடங்க, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அதை உரித்தெடுத்துவிட்டு மண் பூச்சுக்குத் திரும்பினார்கள். இன்றும் ஆண்டுதோறும் ஊர்க்காரர்கள் கூடி மண் பூசுகிறார்கள்.

முதலில் ஒரு சோதனை. வெளியே, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சைத் தட்டி எடுங்கள். ஒரு நீள ஸ்க்ரூடிரைவரால் கல்லைக் குத்துங்கள். காய்ந்த கல் என்றால் நுனி வழுக்கும், தூள் கொட்டும். கைப்பிடி வரை இறங்கி, வெளியே இழுக்கும்போது நுனியில் சேறு ஒட்டி வந்தால் விஷயம் பெரிது. பழைய கட்டடங்களில் பழகிய கட்டுமானப் பொறியாளரை உடனே கூப்பிடுங்கள்.

அப்புறம் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். தட்டைக் கூரையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் 'கனாலே' தூம்புகள் அடைத்திருக்கின்றனவா, கைப்பிடிச் சுவரின் தலையில் விரிசலா, சுவரை ஒட்டிச் செடிக்குத் தண்ணீர் விடுகிறீர்களா, பாருங்கள். வடக்குச் சுவர் என்பதால் பனியையும் சந்தேகப்படுவேன்: வெயில் படாத பக்கத்தில் குவிந்த பனி வாரக்கணக்கில் அடியை நனைத்துக்கொண்டிருக்கும். பல வீடுகளில் வெளித்தரை வருடங்களாக மேடேறி, உள்தரையைவிட உயர்ந்திருக்கும். அதை வெட்டித் தாழ்த்தி, வெளிநோக்கி வாட்டம் கொடுங்கள். சுவரை ஒட்டி கான்கிரீட் நடைபாதை இருந்தால் அதையும் எடுக்க வேண்டிவரும்.

பூச்சை உரிப்பது கடைசி வேலை. ஒரே நாளில் முழுவதையும் உரிக்க விடாதீர்கள். உள்ளே கரைந்துபோன சுவரை சில நேரம் அந்த சிமெண்ட் பூச்சும் அதிலுள்ள கம்பிவலையும்தான் பிடித்து நிறுத்தியிருக்கும். கூரைக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, காயவிட்டு, கரைந்த கற்களுக்குப் பதில் அதே மாதிரி மண்கல்லை மண் கலவையிலேயே வையுங்கள். மேலே மண் அல்லது சுண்ணாம்புப் பூச்சு. மண் என்றால் சில வருடங்களுக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். அந்தத் தொல்லைக்குத் தயாராக இருங்கள். வரலாற்றுப் பகுதி எல்லைக்குள் வீடு வந்தால், வெளிச்சுவரில் கை வைக்குமுன் அனுமதி தேவையா என்று கேட்டுவிடுங்கள்.

சரி, வயது. இங்குள்ள பழங்குடியினரான புவெப்லோ மக்கள் முன்பு ஈர மண்ணை அடுக்கடுக்காக வைத்தே சுவர் எழுப்பினார்கள். மர அச்சில் கல் வார்க்கும் வழக்கம் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே ஸ்பானியர்களோடு பரவியது. ஆகவே அச்சுக்கல் மட்டும் வயதைச் சொல்லாது. 1880-இல் சாண்டா ஃபேக்கு ரயில் வந்தது நல்ல எல்லைக்கோடு. ஆலையில் அறுத்த மரம், பெரிய ஜன்னல் கண்ணாடி, தகரக் கூரை எல்லாம் அதன் பிறகே தாராளமாகப் புழங்கின. உங்கள் கூரையைத் தாங்கும் 'விகா' உத்தரங்கள் உருண்டையாக, கையால் செதுக்கிய தடத்தோடு இருந்தால் பழமைக்கு ஒரு சாட்சி. மர வளையங்களின் வரிசையை ஆய்வகத்தில் ஒப்பிட்டு, மரத்தை வெட்டிய ஆண்டைக்கூடச் சில நேரம் சொல்லிவிடலாம். ஆனால் இடிந்த வீட்டு உத்தரத்தை அடுத்த வீட்டுக்கு எடுத்துப்போவது இங்கே சகஜம். மரத்தை வெட்டி 150 வருடம் ஆகிறது என்பதால் வீட்டுக்கும் அதே வயது என்று சொல்லிவிட முடியாது. அறைகளும் ஒரே காலத்தவையாக இருக்காது. குடும்பம் பெருகப் பெருக ஒவ்வொன்றாகச் சேர்த்திருப்பார்கள். இரண்டு அறைகள் சேரும் மூலையில் சுவர்க் கற்கள் பின்னாமல் வெறுமனே ஒட்டி நின்றால், அதில் ஒன்று பிந்தியது.

சோதனைக்குத் தட்டிய இடத்தில், சிமெண்டுக்கு அடியில் பழைய மண் பூச்சு இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். நிறம் மாறி மாறி மெல்லிய அடுக்குகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு தடவை பூசியது. அந்தத் துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். புதுப் பூச்சுக்கு மண்ணையும் மணலையும் எந்த அளவில் கலப்பது என்று பார்க்க அது வேண்டும்.