வயர்லெஸ் அலாரம், வைஃபை கேமரா எல்லாவற்றையும் ஜாமர் வைத்து முடக்கிவிட்டுத் திருடர்கள் உள்ளே வர முடியுமா?

முடியும். ஆனால் உங்கள் வீட்டில் அப்படி நடக்குமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஒன்று தூக்கம் போகும், இல்லை காசு போகும்.

நீங்கள் கேட்டிருக்கும் தோரணையைப் பார்த்தால், ஆன்லைனில் நாலைந்து வைஃபை கேமரா, கதவில் ஒட்டுகிற காந்த சென்சார், ஒரு சைரன் என்று வாங்கி ஏற்கனவே மாட்டியாகிவிட்டது. அப்புறம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு சித்தப்பா, 'திருடர்களின் புதிய உத்தி, உஷார்' என்று வீடியோ போட்டிருக்கிறார். சரிதானே?

நான் கோயம்புத்தூரில் கேமரா, அலாரம் மாட்டுகிற தொழிலில் இருப்பவன். இன்ஜினியர் இல்லை, ஐடிஐ. "வயர் இழுத்தால் இவனுக்குக் கூலி கூட, அதான் வயர்லெஸ்ஸைக் குறை சொல்கிறான்" என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: வயர்லெஸ் என்றால் எனக்கு மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும். ஏணி பிடிக்க ஆள் வேண்டாம், சுவர் தட்ட வேண்டாம். எனக்கு லாபம் அதில்தான்.

வடவள்ளிப் பக்கம் ஒரு வீடு. ஐயா கூட்டுறவு சொசைட்டியில் இருந்து ஓய்வு பெற்றவர், அவரும் அம்மாவும் மட்டும்தான். பையன் அமெரிக்காவில். அவரே அங்கிருந்து ஆர்டர் போட்டு, வீடியோ காலில் சொல்லிச் சொல்லி அப்பாவை வைத்தே ஒரு வயர்லெஸ் அலாரம் செட்டை ஒட்டவைத்திருந்தார். 433 மெகாஹெர்ட்ஸ் என்ற ரேடியோ அலைவரிசையில் ஓடுகிற சாதாரண செட். என்னைக் கூப்பிட்டது அதற்கு இல்லை, கேட்டுக்கு ஒரு கேமரா வைக்க.

நான் ஏணியில் நிற்கும்போது அம்மா பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு துணி எடுக்கப் போனார். போனவர் அப்படியே திரும்பி வந்து, "ஏனுங்க, அலாரம் போட்டுத்தானே வெச்சிருக்கோம்? கத்தவே இல்லீங்களே" என்றார். சென்சார்கள் சொல்வதைக் கேட்டு சைரனை அடிக்கிற பெட்டிதான் பேனல். அதைப் பார்த்தால் பச்சை விளக்கு. அலாரம் போட்டிருக்கிறது, கதவெல்லாம் மூடியிருக்கிறது என்று காட்டுகிறது. கதவோ எங்கள் கண் முன்னால் திறந்து கிடக்கிறது.

"பேட்டரி போயிருக்கும்ங் தம்பி" என்றார் ஐயா. புதுசு போட்டோம், பலனில்லை. பையனை வீடியோவில் பிடித்தோம். "அண்ணா, ரீசெட் பண்ணிட்டு சென்சாரைப் பேனலோட மறுபடி ஜோடி சேருங்க" என்றார். பண்ணினோம், பலனில்லை. கடைசியில் சென்சாரைக் கழற்றிப் பேனலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காந்தத்தை விலக்கினேன், கதவு திறந்த மாதிரி. ஊரே கேட்கிற மாதிரி கத்தியது! நாலு எட்டு பின்னால் வந்து விலக்கினால் சத்தமே இல்லை.

அந்த நேரத்தில் எதிர்வீட்டுக்காரர் காரைத் திறக்க சாவி ரிமோட்டைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து அழுத்திக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளாகவே இப்படித்தானாம். சர்வீஸில் சாவி பேட்டரியை மாற்றிவிட்டு, அடுத்து ரிசீவரையே மாற்றணும் என்று ஒரு தொகை சொல்லியிருக்கிறார்கள். இங்கே ஓடுகிற கார் சாவிகளில் நிறைய அதே 433தான். எனக்குப் பொறி தட்டியது அங்கேதான்.

என் லேப்டாப் பையில் ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்று ஒரு சின்ன யுஎஸ்பி டாங்கிள் எப்போதும் கிடக்கும். டிவி பார்ப்பதற்காகச் செய்த சிப், இப்போது ரேடியோ அலைகளைத் திரையில் பார்க்கப் பயன்படுத்துகிறார்கள். காற்றில் எதையும் அனுப்பாது, கேட்க மட்டும் செய்யும். 433.92-ல் வைத்தேன். அந்த இடத்தில் சாதாரணமாகப் புள்ளி புள்ளியாக எதாவது வந்துபோகும். இங்கே மேலிருந்து கீழ் வரைக்கும் இடைவெளியே இல்லாமல் ஒரு தடித்த கோடு. ஏதோ ஒன்று நிறுத்தாமல் அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். கோடு எந்தப் பக்கம் பிரகாசமாகிறதோ அந்தப் பக்கம். பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் போய் முடிந்தது. தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் மோட்டாரை நிறுத்துகிற வயர்லெஸ் கருவி. தொட்டிமேல் இருக்கும் டப்பாவுக்குள் மழைத் தண்ணீர் இறங்கி, டிரான்ஸ்மிட்டர் ஆனிலேயே சிக்கிக்கொண்டது. அலாரம் பேனல் இருந்ததோ அந்த வீட்டைப் பார்த்த மாடிப்படிச் சுவரில். அடாப்டரைப் பிடுங்கினேன், கோடு மறைந்தது. கீழே அம்மா கதவைத் திறந்தார், சைரன் அலறியது. எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்றபடியே காரைத் திறந்து திறந்து மூடினார், குழந்தை மாதிரி. தொட்டிக்காரருக்கு மட்டும் கடைசிவரை நம்பிக்கை வரவில்லை. "என்ற டேங்குக்கும் அவிய கதவுக்கும் என்னங்க சம்பந்தம்? புதுசு விக்கறதுக்கு ஒரு வழியா?" என்றார்.

திருடன் இல்லை, ஜாமர் இல்லை, யாருக்கும் கெட்ட எண்ணமும் இல்லை. தண்ணீர் இறங்கிய ஒரு டப்பா அந்த வீட்டின் பாதுகாப்பை அணைத்து வைத்திருந்தது. எத்தனை நாளாக என்று ஐயாவுக்கும் தெரியாது, பையனுக்கும் தெரியாது. பேனல் பச்சையாகவே இருந்தது. என் ஆத்திரமெல்லாம் அந்தப் பச்சை விளக்கின் மேல்தான்.

விலை குறைந்த சென்சார்கள் ஒருவழிப் பேச்சு. கதவு திறந்தால் 'திறந்தாச்சு' என்று ஒருமுறை, அல்லது சிலமுறை சொல்லிவிட்டுப் படுத்துவிடும். பேனலுக்குக் கேட்டதா என்று அதற்குத் தெரியாது. பேனலும் செய்தி வரவில்லை என்றால் எதுவும் நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளும். கொஞ்சம் நல்ல செட்டுகளில் சென்சார் அவ்வப்போது 'இருக்கிறேன்' என்று ஒரு குரல் கொடுக்கும், வராவிட்டால் பேனல் சொல்லும். ஆனால் பேட்டரி நிறைய நாள் வரவேண்டும் என்பதற்காக அந்தக் குரலை மணிக்கணக்கில் தள்ளி வைத்திருப்பார்கள். திருடனுக்கு அவ்வளவு நேரமா வேண்டும்?

வயரில் இது தலைகீழ். இரண்டு கம்பி, கடைசியில் ஒரு ரெசிஸ்டர். மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். கதவு திறந்தாலும் அலாரம், கம்பியை வெட்டினாலும் அலாரம். முக்கியமான கதவுக்காவது வயர் இழுங்கள் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

"அதெல்லாம் சீனா செட்டுக்கு, பெரிய கம்பெனிக்கு இல்லை" என்பீர்கள். அமெரிக்காவின் காம்காஸ்ட் நிறுவனம் மாதச் சந்தாவுக்கு விற்ற எக்ஸ்ஃபினிட்டி ஹோம் அமைப்பில் இதே கோளாறு இருந்ததை ரேபிட்7 என்ற பாதுகாப்பு நிறுவனம் 2016 ஜனவரியில் வெளியிட்டது. அது 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் ஜிக்பீ என்ற வயர்லெஸ் முறை. சோதித்தவர்கள் சென்சாரை உலோகத் தாளில் சுற்றிவிட்டுக் கதவைத் திறந்தார்கள். பேனல் 'கதவு மூடியிருக்கிறது, அலாரம் போட்டிருக்கிறது' என்றே சொன்னது. தாளை எடுத்த பிறகு சென்சார் மறுபடி தொடர்புக்கு வர சில நிமிடங்களில் இருந்து 3 மணி நேரம் வரை ஆனது. நடுவில் தொடர்பு அறுந்ததையே அது வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. 2019-ல் சிம்ப்ளிசேஃப் அலாரத்தை இரண்டு டாலர் 433 ரிமோட் ஒன்றால் குழப்பிக் காட்டிய வீடியோ ஒன்றும் ஓடியது. குறுக்கீட்டைக் கவனிக்கும் வசதி இருக்கிறது என்று கம்பெனி பதில் சொன்னது. அந்த வசதியை ரொம்பக் கூர்மையாக வைத்தால் தொட்டி டப்பாவுக்கெல்லாம் போன் அடிக்கும், மந்தமாக வைத்தால் பயனில்லை. அவர்கள் நிலைமையும் கஷ்டம்தான்.

வைஃபை கேமராவை முடக்க இரண்டு விதம் இருக்கிறது. ஒன்று வெறும் இரைச்சலால் அலையை அமுக்குவது. இன்னொன்று ரவுட்டர் பேசுவதுபோல் நடித்து, 'இணைப்பைத் துண்டித்துக்கொள்' என்று கேமராவிடம் திரும்பத் திரும்பப் பொய் சொல்வது. பழைய வைஃபையில் இந்த மாதிரிக் கட்டளைகளுக்குப் பூட்டு கிடையாது, யார் சொன்னாலும் கேமரா நம்பிவிடும். இதற்கு 2009-லேயே 802.11டபிள்யூ என்று மருந்து வந்துவிட்டது. 2018-ல் வந்த டபிள்யூபிஏ3 என்ற புது வைஃபை பாதுகாப்பு முறையில் அது கட்டாயம். ஆனால் ரவுட்டரும் கேமராவும் இரண்டுமே ஒத்துக்கொண்டால்தான் வேலை செய்யும், விலை மலிந்த கேமராக்களில் பல ஒத்துக்கொள்வதில்லை. இரைச்சலுக்கு இந்த மருந்தும் கிடையாது.

உண்மையில் திருடர்கள் செய்கிறார்களா? அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து ஈடைனா நகரிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் வைஃபை ஜாமரைப் பயன்படுத்துவதாகச் சந்தேகிப்பதாக 2024-ல் போலீஸே சொன்னது. நம்ம ஊரில் நான் பார்த்தவரை திருடனுக்கு இவ்வளவு சிரமம் தேவைப்படுவதில்லை. மீட்டர் பெட்டி வாசல் சுவரில் இருக்கிறது, ஃபியூஸைப் பிடுங்கினால் ரவுட்டரும் கேமராவும் சேர்ந்தே படுத்துவிடும். பிராட்பேண்ட் கேபிள் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்குகிறது. அதையும் தாண்டினால் மிளகாய்ப்பொடியைத் தூவிவிட்டு, கேமரா பதிவு இருக்கும் டிவிஆர் பெட்டியையே தூக்கிக்கொண்டு போகிறார்கள், பேப்பரில் நீங்களே எத்தனை தடவை படித்திருப்பீர்கள். ஆகவே ஜாமருக்கு மட்டும் தனியாகப் பயப்படாதீர்கள். கரண்ட் போனாலும், கேபிள் போனாலும், அலை அமுங்கினாலும் உங்கள் போனுக்குத் தெரியவருகிறதா? அதைப் பாருங்கள்.

அதைச் சோதிக்க ஜாமர் வாங்கிவிடாதீர்கள். ஆன்லைனில் கிடைக்கிறதே என்று ஒருவர் என்னிடமே கேட்டார். அரசு அனுமதி இல்லாமல் ஜாமர் பயன்படுத்துவது சட்டவிரோதம், தனியார் வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை 2022 ஜூலையில் திட்டவட்டமாக அறிவுரை வெளியிட்டது. அமெரிக்காவிலும் இதே கண்டிப்புதான். நாஷ்வில்லில் தங்கள் ஓட்டலுக்கு வந்தவர்களின் சொந்த வைஃபையைத் துண்டித்ததற்காக மாரியட் 2014-ல் 6 லட்சம் டாலர் அபராதம் கட்டியது.

வீட்டில் இருப்பதை வைத்தே செய்யலாம். அலாரத்தைப் போட்டுவிட்டு, ஒரு சென்சாரைச் சமையலறை அலுமினியத் தாளில் நன்றாகச் சுற்றி, கதவைத் திறந்து விடுங்கள். பேனல் எப்போது வாய் திறக்கிறது என்று பாருங்கள். ரவுட்டரை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருங்கள். 'கேமரா ஆஃப்லைன்' என்று தகவல் வருகிறதா? பல ஆப்களில் அந்த அறிவிப்பு அணைத்தே வரும், உள்ளே தேடித்தான் போடவேண்டும். அப்புறம் கேமராவில் மெமரி கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். கிளவுடில் மட்டும் சேமிக்கிற கேமராவுக்கு இணைப்பு போனால் கண்ணும் போச்சு. கார்டு இருந்தால், கேமராவுக்குக் கரண்ட் இருக்கும்வரை அது பாட்டுக்குப் பதிவு செய்துகொண்டிருக்கும். திருடன் கேமராவையே பிடுங்கிப் போனால் கார்டும் போகும்தான், அதனால் கைக்கு எட்டாத உயரம். ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ், பேனலில் சிம் வசதி இருந்தால் அதுவும். சிம்மையும் அமுக்க முடியும் என்று தெரியும், கமெண்டில் வந்து சொல்லவேண்டாம். இரண்டு வழியையும் ஒரே நேரத்தில் அடைக்கிறவன் உங்கள் வீட்டுக்கு வருகிறான் என்றால் நீங்கள் என்னைவிடப் பெரிய ஆளைப் பார்க்கவேண்டும்.

ஐயா வீட்டில் முன்கதவுக்கும் பின்கதவுக்கும் வயர் இழுத்தாயிற்று. ஜன்னல்களுக்குப் பழைய வயர்லெஸ் செட்டே இருக்கிறது, எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. வயர் இழுத்த அன்று நான் பட்ட பாடு தனி. இதைச் சொல்லாமல் எனக்கு ஆறாது. வீடு கட்டும்போது சுவருக்குள் ஒரு முக்கால் இஞ்ச் பைப் கூடுதலாகப் போட்டுவைக்க என்ன கேடு? பூஜை ரூம் கதவுக்குத் தேக்கு, மணி வைத்த வேலைப்பாடு, கூரைக்கு ஃபால்ஸ் சீலிங், அதற்குள் பச்சையும் நீலமுமாக விளக்கு. பைப் எங்கேங்க என்றால் இன்டீரியர்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நான் கூரையில் ஓட்டை போட்டால் "என்ற டிசைனைக் கெடுத்துட்டீங்க" என்று பையனுக்கு அமெரிக்காவுக்கே போன் போடுகிறார். அவருக்கு லட்சக்கணக்கில் மறுபேச்சில்லாமல் கொடுத்த வீட்டில் எனக்கு 2,000 ரூபாய்க்குப் பேரம். இந்தத் தளத்தில் புது வீடு கட்டுகிறவர்கள் இருந்தால் கொத்தனாரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்: எல்லாக் கதவு நிலைக்கும் ஒரு காலி பைப், உள்ளே இழுகம்பியோடு.

உங்கள் பேனலின் மாடல் எண்ணைக் கீழே போட்டால், அது ஒருவழியா இருவழியா என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். எண் மட்டும் போதும். போன தடவை ஒருவர் பாஸ்வேர்டு தெரிகிற மாதிரி முழுத் திரையையும் படம் எடுத்துப் போட்டிருந்தார்.