கொடுத்ததும் உண்டதும்

அன்புள்ள ஐயா,

நான் ஊட்டச்சத்து ஆய்வு ஒன்றில் களப்பணியாளராக இருக்கிறேன். மருத்துவமனையில் சேரும் முதியவர்களில் எடை குறைந்தவர்களைத் தேர்ந்து இரண்டு பிரிவாக்குகிறோம். ஒரு பிரிவுக்குத் தினமும் இரண்டு வேளை சத்துபானம் கூடுதலாக உண்டு. மற்ற பிரிவுக்கு, அதாவது ஒப்பீட்டுப் பிரிவுக்கு, வார்டில் எல்லோருக்கும் வருகிற சாப்பாடு மட்டும். யாருக்கு எது என்று கணினி குலுக்கிப்போடுகிறது. சென்ற மாதம் ஒப்பீட்டுப் பிரிவில் வந்த ஒரு பாட்டி என் கண்ணெதிரே இளைத்துக்கொண்டே போனார். நான் எடையைக் குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தேன். அங்கே இருந்தவருக்குப் பானம் உண்டு. பசித்தவருக்குச் சாப்பாடு போட்டால் நல்லது என்பதை நிரூபிக்க ஓர் ஆய்வு எதற்கு? ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவருக்கு மறுப்பது பாவமில்லையா? மினசோட்டா பட்டினிச் சோதனையைப் பற்றி வாசித்தபோதும் இதே கசப்புதான். பானத்தை இலவசமாகத் தருவது அதைத் தயாரிக்கும் நிறுவனம் என்பதும் உறுத்துகிறது. வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

எம்.

அன்புள்ள எம்,

கடைசியிலிருந்து வருகிறேன். வேலையை விடாதீர்கள். உறுத்துகிறவர்கள் விலகிப்போனால் அந்தப் படிவங்களை உறுத்தாதவர்கள் நிரப்புவார்கள், அவ்வளவுதான் நடக்கும். நிறுவனம் பானம் தந்தால் தரட்டும். ஆய்வு தொடங்குமுன்பே பொதுப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா, தரவு யார் வசம், முடிவு பாதகமாக வந்தாலும் வெளியிடும் உரிமை ஆய்வாளருக்கு உண்டா என்று விசாரியுங்கள். பதில் நேராக வந்தால் அந்த விஷயத்தை அதோடு விடுங்கள். மினசோட்டாவையும் இதில் இழுக்க வேண்டாம். 1944-45-இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் பட்டினி போட்ட அந்த 36 பேரும் போருக்குப் போக மனசாட்சி இடம்தராமல் இதற்குத் தாமாக முன்வந்த திடமான இளைஞர்கள். உங்கள் பாட்டிக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. படிவமும் கையுமாக நிற்கும் குற்றவுணர்வுக்குத் துணை தேடுகிறீர்கள் என்றால் வார்சாவுக்குப் போங்கள். 1942-இல் அங்கே நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோவில் கிடந்த யூத மருத்துவர்கள், தாங்களும் பட்டினி கிடந்தபடி, பசியால் சாகிறவர்களின் உடலில் என்ன நடக்கிறது என்று அளந்து எழுதிவைத்தார்கள். எழுதியவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. காகிதங்கள் வெளியே கடத்தப்பட்டு 1946-இல் அச்சாயின. அளப்பது இரக்கமில்லாத வேலை என்று அதற்குப் பிறகும் என்னால் நினைக்க முடியவில்லை.

இனி கோபம். பசித்தவருக்குச் சாப்பாடு போட ஆய்வு எதற்கு என்கிறீர்கள். மேடையில் யாராவது சொன்னால் கைதட்டிவிட்டுப் போகலாம். இந்தத் துறையில் சம்பளம் வாங்குகிற நீங்கள் சொல்லக்கூடாது. 1945-இல் நாஜி வதைமுகாம்களைத் திறந்த படையினர் இரக்கப்பட்டுத் தங்கள் ரேஷனை அள்ளிக் கொடுத்தார்கள். அதைத் தின்று இறந்தவர்கள் உண்டு. நாள்கணக்கில் பட்டினி கிடந்த உடம்பு கொழுப்பை எரித்து ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று மாவுச்சத்து உள்ளே போனால் இன்சுலின் பொங்குகிறது. ரத்தத்திலிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் இழுக்கப்பட்டுவிடுகின்றன. பிறகு இதயமும் மூச்சும் தடுமாறுகின்றன. குழந்தைகள் கதை இன்னும் மோசம். கடும் ஊட்டக்குறைவோடு மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் நூற்றுக்கு 20 முதல் 30 வரை இறந்துகொண்டிருந்தார்கள். 1950-களிலிருந்து 1990-கள் வரை இந்தக் கணக்கு பெரிதாக அசையவில்லை. பாசம் குறைந்து சாகவில்லை. வீக்கத்தைக் கண்டு நீர் இறக்கும் மருந்து, மெலிவைக் கண்டு முதல் நாளிலேயே புரதம், சோகையைக் கண்டு இரும்பு என்று, பார்த்தால் சரியென்று தோன்றுகிற காரியங்களே கொன்றன. 100 மில்லிக்கு 75 கலோரி மட்டுமே உள்ள எஃப்-75 என்ற பாலைச் சிறிது சிறிதாகக் கொடு, பசி திரும்பிய பிறகு அதைவிடச் செறிவான எஃப்-100-க்குப் போ, இரும்பை அதுவரை தொடாதே என்ற ஒழுங்கு யார் மனதிலும் தானாக உதிக்கவில்லை. அளந்து பார்த்துக் கண்டது. இன்னொன்று: பக்கவாதத்தில் விழுந்த 4,023 பேருக்குக் குலுக்கல் முறையில் சத்துபானம் கொடுத்தும் கொடுக்காமலும் பார்த்த ஃபுட் ஆய்வு 2005-இல் வெளிவந்தது. குறிப்பிடும்படியான பலன் இல்லை. சேர்க்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 8 பேர்தான் ஊட்டக்குறைவுள்ளவர்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஆக, ஒப்பீட்டுப் பிரிவு பாவமல்ல. அதில் இருக்கிறவருக்கு என்ன கிடைக்கிறது என்பதில்தான் பாவபுண்ணியம். ஜார்கண்டில் 2019 முதல் 2022 வரை, காசநோயாளிகளின் வீட்டாருக்கு மாதாமாதம் உணவுப்பொருள் கொடுத்தால் அவர்களுக்கு அந்த நோய் வருவது குறைகிறதா என்று பார்த்தார்கள். 39 சதவீதம் குறைந்தது. அங்கே நோயாளிகள் எந்தப் பிரிவில் இருந்தாலும் அவர்களுக்கு உணவு உண்டு. கேள்வி வீட்டாரைப் பற்றியது மட்டும். உங்கள் ஆய்வுத் திட்டத்திலும், எடை இன்ன அளவுக்குக் கீழே போனால் குலுக்கலை மறந்து சிகிச்சை கொடு என்று ஒரு விதி இருந்தாக வேண்டும். இருக்கிறதா? அந்தப் பாட்டிக்கு அது பொருந்தியதா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. இரவெல்லாம் விழித்திருந்து வருந்துவதைவிட அந்தப் பக்கத்தைப் புரட்டியிருக்கலாம்.

இதைவிடப் பெரிய விடுபடல் ஒன்று உங்கள் கடிதத்தில் இருக்கிறது. நான் பதில் எழுத உட்கார்ந்ததே அதனால்தான். பாட்டி இளைத்தார் என்கிறீர்கள். வார்டில் எல்லோருக்கும் வருகிற சாப்பாடு அவருக்கும் வந்தது என்கிறீர்கள். வந்ததில் அவர் எவ்வளவு சாப்பிட்டார்?

என் பெரியம்மா இடுப்பெலும்பு முறிந்து ஒரு மருத்துவமனையில் கிடந்தார். பகலில் நான் போய் உட்கார்ந்திருப்பேன். வேளை தவறாமல் மூடி போட்ட தட்டு வரும். கொண்டுவருகிறவர் அதைக் கால்மாட்டில் நிற்கும் சக்கர மேசையில் வைத்துவிட்டுப் போவார். பெரியம்மாவால் தானாக எழுந்து உட்கார முடியாது. கையை நீட்டினால் மேசை விளிம்புகூட எட்டாது. பல் செட் இழுப்பறைக்குள் ஒரு டப்பாவில், மூக்குக்கண்ணாடி அதற்கும் அடியில். சத்துபானப் புட்டியும் ஒன்று வரும். அதன் வாயில் ஒட்டியிருந்த அலுமினியத் தாளை உரிக்க எனக்கே பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. முட்டி வீங்கிய அந்த விரல்கள் என்ன செய்யும்? கொஞ்ச நேரம் கழித்து வேறொருவர் வந்து தட்டுகளை அடுக்குவார். “பாட்டிக்குப் பசிக்கல போல” என்பார், யாரிடமும் இல்லாமல். அட்டையில் ‘உணவு’ என்ற கட்டத்தில் ஒரு டிக் விழும். திறக்காத மூடிக்கு டிக். கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே பெரியம்மா என்றால், “அவங்களுக்கு ஆயிரம் வேலை, நான் வேற எதுக்குப்பா” என்பார். டிக் போட்டவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அத்தனை கட்டிலுக்கும் அவர் ஒருவர்தான். அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி ‘கொடுத்தாயா’ என்பதே. அதற்கு அவர் உண்மையான பதிலைத்தான் எழுதினார்.

உங்கள் படிவத்தில் இருப்பதும் அதே கேள்விதான் என்று ஊகிக்கிறேன். ‘பானம் வழங்கப்பட்டது: ஆம், இல்லை.’ முதியோர் வார்டில் கொடுப்பதற்கும் உண்பதற்கும் நடுவே ஒரு கரண்டி தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தில்தான் பாதிப் பேர் இளைக்கிறார்கள் என்று அடித்துச் சொல்வேன். முடிவில் பானத்தால் பலனில்லை என்று நீங்கள் கட்டுரை எழுதினால், சோதித்தது பானத்தையா, உரிக்க முடியாத மூடியையா?

என் பிடிவாதம் என்று தள்ளிவிடாதீர்கள். வேல்ஸில், கார்டிஃப் மருத்துவமனை ஒன்றின் எலும்புமுறிவு வார்டில், இடுப்பெலும்பு முறிந்த 318 மூதாட்டிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான செவிலியர் கவனிப்பு. இன்னொரு பிரிவுக்கு அதோடு உணவு உதவியாளர் என்று ஒரு ஆள். அந்த ஆளின் வேலை என்ன? எது பிடிக்கும் என்று கேட்பது, சாயாமல் உட்காரவைப்பது, பிடிக்கத் தோதான கரண்டி கொடுப்பது, வேண்டுமென்றால் ஊட்டுவது. மருந்து இல்லை, மாயம் இல்லை. அந்த வார்டிலேயே இறந்தவர்கள் வழக்கமான பிரிவில் 10.1 சதவீதம், உதவியாளர் இருந்த பிரிவில் 4.1 சதவீதம். நான்கு மாதத்தில் 22.9-க்கு எதிராக 13.1. 2006-இல் அச்சானது. அந்த எண்களைக் கொடுத்தது ஒரு மாத்திரையாக இருந்தால் அதன் பெயர் இன்று எல்லோர் வாயிலும் இருக்கும். 2019-இல் சுவிட்சர்லாந்தின் எட்டு மருத்துவமனைகளில் 2,088 பேரை வைத்து நடந்த எஃபர்ட் ஆய்வும் இதே பக்கம்தான் சாய்கிறது. ஆளுக்கு ஆள் உணவு நிபுணர் உட்கார்ந்து திட்டம் போட்டு, இலக்கை எட்டுகிறதா என்று விடாமல் பார்த்த பிரிவில் முப்பது நாளில் இறந்தவர்கள் நூற்றுக்கு 7, மற்றதில் 10.

எனக்கு மிகவும் பிடித்தது பிரிட்டிஷ் ஊட்டச்சத்து ஆய்வாளர் எல்ஸி விட்டோசன் சொன்ன கதை. போருக்குப் பிந்தைய ஜெர்மனி, 1948. இரண்டு அனாதை இல்லங்கள், ஒவ்வொன்றிலும் சுமார் ஐம்பது பிள்ளைகள். முதல் ஆறு மாதம் இரண்டுக்கும் ரேஷன் மட்டும். அடுத்த ஆறு மாதம் ஒரு இல்லத்துக்குக் கூடுதல் உணவு. கூடுதல் கிடைத்த இல்லத்தில்தான் எடை குறைவாக ஏறியது! கணக்குப் பிழை இல்லை. கூடுதல் உணவு தொடங்கிய அதே சமயத்தில் மற்ற இல்லத்துக் காப்பாளர் இங்கே மாற்றலாகி வந்திருந்தார். சாப்பாட்டு வேளையில்தான் பிள்ளைகளை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துத் திட்டுவார். திட்டி முடிப்பதற்குள் சூப் ஆறிவிடும், ஏதாவது ஒரு பிள்ளை அழுதுகொண்டிருக்கும். அவருக்குச் செல்லமான எட்டுப் பிள்ளைகள் மட்டும் நன்றாகத் தேறினார்கள். விட்டோசன் இதை 1951-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். உணவைச் சோதிக்கப் போனவருக்குச் சாப்பாட்டு மேசையின் தலைமாட்டில் நின்றவரைப் பற்றிய முடிவு கிடைத்தது.

குழந்தைகளைப் பார்க்கிறவர்கள் இந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டார்கள். மேற்கைச் சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் கீழே உள்ள குழந்தைக்கு 500 கலோரி அடங்கிய 92 கிராம் பாக்கெட் உணவைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்களே, அனுப்புமுன் பசிச் சோதனை ஒன்று செய்வார்கள். அமைதியான ஒரு மூலையில் தாயின் மடியில் குழந்தை. பாக்கெட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தாய் கொடுக்க, திணிக்காமல், பணியாளர் பக்கத்தில் இருந்து கண்ணால் பார்க்க வேண்டும். சாப்பிட்டால் வீடு, சாப்பிடாவிட்டால் வார்டு. அப்படியும் வீட்டில் அந்தப் பாக்கெட்டை அண்ணனும் அக்காளும் பங்குபோட்டுக்கொள்வதுண்டு. வயதானவர்களுக்கு அந்த ஒரு மூலைகூட இல்லை. மறதி முற்றியவர்களைக் கேட்கவே வேண்டாம். சம்மதம் தர இயலாதவர் என்று பெரும்பாலான ஆய்வுகள் வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. ஊட்டிவிட ஆள் மிகவும் தேவைப்படுகிறவர்கள் அவர்கள்தான்.

உங்கள் படிவத்துக்கு வருவோம். இரண்டு கட்டம் சேருங்கள். தட்டில் மிச்சம் எவ்வளவு: முழுவதும், முக்கால், பாதி, கால், ஒன்றுமில்லை. சாப்பிட உதவியது யார்: தானே, உறவினர், பணியாளர், ஒருவருமில்லை. இரண்டு பிரிவுக்கும், எல்லா வேளைக்கும். தட்டு கைக்கு எட்டுகிறதா, மூடி திறந்திருக்கிறதா என்று பார்ப்பதையும் இரண்டு பிரிவுக்கும் பொதுவாக்குங்கள். அப்படிச் செய்தால் ஒப்பீட்டுப் பிரிவும் தேறி வித்தியாசம் மங்கிவிடும் என்று உங்கள் முதன்மை ஆய்வாளர் முகம் சுளிப்பார். மங்கட்டும். மீந்து நிற்கிற வித்தியாசம்தான் பானத்தினுடையது. ஆய்வு பாதியில் இருக்கும்போது எதையும் மாற்ற முடியாது என்றும் சொல்வார். முடியும். திருத்தத்தை எழுதி, காரணம் சொல்லி, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்க வேண்டும். எந்தத் தேதியிலிருந்து மாறியது என்பதைக் கட்டுரையில் ஒளிக்காமல் போட வேண்டும். குழு அடுத்து எப்போது கூடுகிறது என்று கேட்டு எழுதுங்கள். அந்தப் பாட்டி இப்போது எப்படி இருக்கிறார் என்பதையும்.