கராஜ் கேள்வி பதில்: 92 போதுமா, 95 வேண்டுமா?

கேள்வி: என்னிடம் ஜப்பானில் ஓடி வந்த வாகன் ஆர் கார் இருக்கிறது. மாங்குளத்திலிருந்து கிளிநொச்சிக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். கொஞ்ச நாளாக இழுவை குறைந்து, இடைக்கிடை உதறுகிறது. வழக்கமான 92 ஒக்டேன் பெற்றோலுக்குப் பதில் 95 அடித்தால் சரியாகும் என்கிறார் அண்ணா. கடையில் பெற்றோலோடு கலக்கச் சொல்லி ஒரு சின்னப் போத்தலும் தந்தார்கள். ஊற்றலாமா?
வாசகி, மாங்குளம்

பதில்: தங்கச்சி, 95க்குக் கூடக் காசு கொடுக்க வேண்டாம். ஒக்டேன் எண் பெற்றோலின் சுத்தத்தையோ பலத்தையோ சொல்வதில்லை. பிளக்கில் பற்றிய நெருப்பு வந்து சேரும் முன், அமுக்கத்தில் தானாக வெடித்துவிடாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதுதான் அந்த எண். ஜப்பானில் சாதாரணப் பெற்றோலுக்கு ஆகக்குறைந்த ஒக்டேன் 89. அதற்கென்று செய்த எஞ்சினுக்கு எங்கள் 92 தாராளம். கையேட்டில் 95 என்று எழுதியிருந்தால் மட்டும் 95 அடியுங்கள்.

நான் பயப்படுவது பெற்றோலில் மண்ணெண்ணெயோ தண்ணீரோ சேரும் கலப்படத்துக்குத்தான். பொருளாதாரத் தடைக் காலத்தில் மல்லாவியில் ஒரு கராஜில் பெடியனாகத் தொழில் பழகினேன். பெற்றோல் கண்ணால் காண்பதே அருமை. பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காப்பரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். பாரம் ஏற்றினால் தகரப் பேணிக்குள் கல் குலுக்குவதுபோல எஞ்சின் தட்டும். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினால் பிஸ்டன் தலையில் கரி அப்பியிருக்கும், உளி வைத்துத்தான் சுரண்டுவோம். ஒயில் கம்பியை இழுத்து விரலில் தொட்டால் பிசுக்கே இருக்காது, மண்ணெண்ணெய் மணக்கும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலை இளக்கிவிடும். பிறகு பெயரிங் எங்கே தங்கும்? அந்தப் பழைய எஞ்சின்களுக்கு அமுக்கம் குறைவு, அதனால் ஒருமாதிரி இழுத்துக்கொண்டு ஓடின. உங்களுடையது 10 மடங்குக்கு மேல் அமுக்குகிற எஞ்சின், அது பொறுக்காது.

அதனால் வீதியோரம் போத்தலில் விற்கும் பெற்றோலை வாங்காதீர்கள். அவசரத்துக்கு வாங்கத்தான் வேண்டுமென்றால் வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நல்ல பெற்றோல் தடமில்லாமல் காய்ந்துவிடும். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் எண்ணெய் வட்டம் நிற்கும். மாரி மழையில் தண்ணீரும் கலக்கும். தண்ணீர் பாரம், தாங்கியின் அடியில்தான் கிடக்கும், பம்பும் அடியிலிருந்துதான் இழுக்கும். கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் எடுத்து அசையாமல் வைத்தால் அடியில் கோடு பிரிந்து தெரியும்.

போத்தல் மருந்துக்கு வருவோம். எல்லாம் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். பொலிஈதர் அமின் என்ற கழுவும் பொருள் உள்ளது, எஞ்சினுக்குப் பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரில் படிந்த அழுக்கை ஓரளவு கழுவும், எப்போதாவது ஒன்று ஊற்றினால் போதும். ஒக்டேனைக் கூட்டுகிறோம் என்று விற்பவற்றில் சிலவற்றில் இரும்புச் சேர்மம் இருக்கும். அப்படி ஊற்றிய ஒரு காரின் பிளக்கைக் கழற்றியபோது அதன் வெள்ளைப் பீங்கான் செங்கல் நிறத்தில் இருந்தது. அந்தப் படிவு வழியே மின்சாரம் கசிந்தால் பொறி தவறும், வண்டி உதறும். தண்ணீருக்கும் மண்ணெண்ணெய்க்கும் எந்தப் போத்தலும் மருந்தில்லை, தாங்கியை இறக்கிக் கழுவத்தான் வேண்டும்.

உங்கள் காரில் முதலில் பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பிஸ்கட் நிறமென்றால் நல்லது. கரிக் கறுப்பு என்றால் ஏதோ பிழை. பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலையும் எயார் பில்டரையும் பார்க்காமல் விடவேண்டாம், எங்கள் கிறவல் புழுதி பில்டரைச் சீக்கிரம் அடைத்துவிடும். அதுவரை அந்தப் போத்தலை மூடியபடியே வையுங்கள்.

கேள்வி: அப்பாவின் மொறிஸ் மைனர் இன்னும் ஓடுகிறது. ஈயமில்லாத பெற்றோலால் வால்வு கெடும் என்கிறார்களே?
வாசகர், முள்ளியவளை

பதில்: பயம் நியாயமானது. முன்பு ஒக்டேனைக் கூட்டத்தான் பெற்றோலில் ஈயம் கலந்தார்கள், அது வால்வு மூடும்போது வந்து அமரும் இருக்கைக்கும் ஒரு மெத்தைபோல இருந்தது. ஆனால் அந்தப் புகை பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். இலங்கையில் 2002இல் நிறுத்தினார்கள், நல்ல காரியம். ஊருக்குள் மெதுவாக ஓடும் காருக்குப் பெரிய சேதம் வராது. எப்போதாவது ஹெட்டைக் கழற்றினால் கடினமான இருக்கை போடுவியுங்கள். அதுவரை புகைபோக்கி வால்வுக்கும் அதைத் தள்ளும் பகுதிக்கும் நடுவிலுள்ள டப்பட் இடைவெளியை அளந்து ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். சரிசெய்த பிறகும் திரும்பத் திரும்ப இடைவெளி குறைந்தால் இருக்கை தேய்கிறது, காரைக் கொண்டு வாருங்கள்.