கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுபோனவர்கள் எங்கே? – கேள்வி பதில்

மண்ணும் நீரும் ஆய்வு செய்து ஓய்வுபெற்றுக் கிளிநொச்சியில் இருக்கிறேன். ஆய்வாளர்கள் மக்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்பது பற்றிக் கேளுங்கள் என்றேன். வந்தவை பெரும்பாலும் முறைப்பாடுகள்.

ஐயா, மூன்று முறை வந்து போத்தலில் எங்கள் கிணற்றுத் தண்ணீரை எடுத்துப் போனார்கள். ஒருவர் இரத்தமும் எடுத்தார். முடிவை இன்றுவரை யாரும் சொல்லவில்லை. கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறதா? (கமக்காரர், வவுனியா வடக்கு)

முழு உரிமை இருக்கிறது, அண்ணை. இரத்தம் எடுக்கும் முன் கையெழுத்து வாங்க வேண்டும். ஆய்வு எதற்கு, முடிவு யாருக்குப் போகும் என்பதை உங்களுக்கு விளங்கும்படி சொன்ன பிறகுதான் அந்தக் கையெழுத்துக்குப் பெறுமதி. கட்டுரை வெளிவந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் எங்களில் பலர். நானும் அப்படி இருந்தவன்தான். தண்ணீர் எடுத்த வீடுகளுக்கெல்லாம் நான் திரும்பிப் போகவில்லை. வாகனம் இல்லை, காசு இல்லை என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டேன்.

இனி வருபவரிடம் போத்தலைக் கொடுக்கும் முன்பே பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதி வாங்குங்கள். முடிவென்று வெறும் எண்ணை நீட்டினால் விடாதீர்கள். ‘புளோரைட்டு லீற்றருக்கு 2.3 மில்லிகிராம்’ என்றால் உங்களுக்கு என்ன பயன்? உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 1.5, இந்தக் கிணறு அதைத் தாண்டிவிட்டது, தொடர்ந்து குடித்து வளரும் பிள்ளைகளின் பற்களில் கறை விழும், கொதிக்கவைத்தாலும் புளோரைட்டு போகாது, குளிப்பதற்குத் தடையில்லை. இவ்வளவும் சொன்னால்தான் அது விடை.

சிறுநீரக நோய்க்கு ஒருவர் களைநாசினி என்கிறார், ஒருவர் தண்ணீர் என்கிறார், இன்னொருவர் வெயில் என்கிறார். மூவரும் படித்தவர்கள். யாரை நம்புவது? (செட்டிகுளம்)

‘இது மட்டும்தான்’ என்று அடித்துச் சொல்பவரைச் சற்றுத் தள்ளிவையுங்கள். 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த இந்த நோய்க்கு ஒரே காரணம் இன்னும் உறுதியாகவில்லை. ஆனாலும் 2015இல் அரசு கிளைபோசேட் என்ற களைநாசினியைத் தடைசெய்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடையைத் தளர்த்தியது. ஆய்வுத் தாளில் சந்தேகமாக இருந்தது, மேடை ஏறியதும் தீர்ப்பாகிவிட்டது. அதற்காக, ‘நிரூபிக்கப்படவில்லை, ஆகவே ஆபத்தில்லை’ என்பதும் பிழைதான். அது களைநாசினி விற்பவருக்குப் பிடித்த பிழை. ஆய்வுக்குக் காசு கொடுத்தது யார் என்றும் கேளுங்கள். காசு வாங்குவது குற்றமில்லை, அதை மறைத்தால் குற்றம்.

ஒரு மாத்திரை ஆபத்தை இரண்டு மடங்காக்கும் என்று பத்திரிகையில் படித்துவிட்டு நிறுத்திவிட்டேன். சரியா ஐயா? (மல்லாவி)

மாத்திரை என் துறையன்று, தங்கச்சி. உடனே உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். ‘இரண்டு மடங்கு’ பற்றி மட்டும் சொல்கிறேன். 1995இல் பிரித்தானியாவில் ஒருவகைக் கருத்தடை மாத்திரை இரத்தம் கட்டியாகும் ஆபத்தை இரண்டு மடங்காக்கும் என்று அறிவித்தார்கள். 7000 பெண்களில் ஒருவர் என்றிருந்தது இருவரானது, அவ்வளவுதான். பயந்து பலர் மாத்திரையை விட்டார்கள். அடுத்த ஆண்டு கருக்கலைப்புகள் ஆயிரக்கணக்கில் கூடின. அறிவித்ததில் பொய் இல்லை, 7000 என்ற எண்தான் மக்களிடம் போய்ச் சேரவில்லை.

2020இல் புரெவிப் புயல் என்று எங்களைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் இருத்தினார்கள். எங்கள் வீட்டில் ஓர் ஓலைகூடப் பறக்கவில்லை. (முல்லைத்தீவு)

புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில்தான் கரையேறியது, தம்பி. இதற்கு எதிர்மாறாக நடந்ததையும் கேளுங்கள். இத்தாலியின் லாக்குயிலாவில் சிறு அதிர்வுகளால் கலங்கியிருந்த மக்களிடம், பயப்பட ஒன்றுமில்லை என்று அதிகாரி ஒருவர் சொன்னார். ஒரு வாரத்துக்குள், 2009 ஏப்ரல் 6இல், நிலநடுக்கத்தில் 309 பேர் இறந்தார்கள். அவருக்கும் ஆறு விஞ்ஞானிகளுக்கும் 2012இல் சிறைத்தண்டனை விதித்தார்கள். 2014இல் விஞ்ஞானிகள் மேன்முறையீட்டில் விடுதலையானார்கள். நிலநடுக்கத்தின் நாளை முன்கூட்டிச் சொல்ல எவராலும் முடியாது. ‘எங்களுக்குத் தெரியாது’ என்று சொல்லியிருக்கலாம். ஓலை பறக்காத வீட்டுக்குத் திரும்பி வந்து நீங்கள் எங்களைத் திட்டினால் எனக்குச் சம்மதம்.

2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்தபோது நீங்களெல்லாம் எங்கே போயிருந்தீர்கள்? (கண்டாவளை)

வேளாண் பேராசிரியர்கள் பலர் எச்சரித்தார்கள். நவம்பரில் தடை நீங்கியது, அதற்குள் காலபோக நெற்செய்கை தொடங்கிவிட்டது. ஆனால் எச்சரித்ததில் பெரும்பகுதி ஆங்கிலத்தில், கொழும்பைப் பார்த்து. உங்கள் கமக்கார அமைப்புக் கூட்டத்துக்கு யாரும் வரவில்லை என்றால் கோபம் நியாயம்தான்.

கிணற்று நீர் ஆய்வு செய்கிறேன். ஊரில் முடிவைக் கேட்கிறார்கள். கட்டுரை வெளிவரும்வரை பொறுக்கச் சொல்கிறார் மேற்பார்வையாளர். என்ன செய்வது? (மாணவி, அறிவியல்நகர்)

முழு ஊருக்குமான முடிவு பொறுக்கலாம், பிள்ளை. ஒரு வீட்டுக் கிணற்றில் வரம்புக்கு மேல் இருந்தால், மறுபடி ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு அந்த வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். தன் கிணற்றைப் பற்றி அவருக்குச் சொல்வதால் கட்டுரை கெட்டுவிடாது என்று மேற்பார்வையாளரிடம் நான் பேசுகிறேன். போகும் நாளை எனக்கும் அறிவியுங்கள். அந்தப் பக்கம் நான் திரும்பிப் போகாத வீடுகள் சில இருக்கின்றன.