இரும்புச்சத்து மாத்திரை போட்டும் அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 9-லேயே நிற்கிறதா?

மாத்திரையை மாற்றுவதற்கு முன் அதைப் போடும் நேரத்தை மாற்றிப் பாருங்கள். டிபன் முடிந்ததும் மாத்திரை, கையோடு ஒரு காபி என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று மாதமாக 9-ஐத் தாண்டாததற்கு அந்தக் காபியே காரணமாக இருக்கலாம். காபி, டீயில் உள்ள பாலிஃபீனால்கள் இரும்போடு ஒட்டிக்கொண்டு, குடல் அதை உறிஞ்ச விடாமல் செய்துவிடும். கால்சியமும் தடுக்கும். அம்மா கால்சியம் மாத்திரையும் போடுகிறாரா என்று கேளுங்கள். பல வீடுகளில் இரண்டையும் ஒன்றாகவே விழுங்குகிறார்கள்.

1. காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு இரும்பு மாத்திரை. டிபனும் காபியும் ஒரு மணி நேரம் கழித்து. வயிற்றைப் பிரட்டினால் சாப்பிட்டபின் போடலாம், ஆனால் அப்போதும் உடனே காபி வேண்டாம்.

2. கால்சியம் இருந்தால் இரவுக்குத் தள்ளுங்கள்.

3. நான்கு வாரம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 9-லிருந்து 10-க்காவது ஏறியிருக்க வேண்டும்.

ஏறவில்லையென்றால் டோஸை நீங்களாகக் கூட்டாதீர்கள். ஃபெரிட்டின் (உடலில் சேமிப்பில் இருக்கும் இரும்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), வைட்டமின் பி12 இரண்டையும் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அம்மாவுக்கு 54 வயது, மாதவிடாய் நின்றுவிட்டது என்கிறீர்கள். இந்த வயதில் இரும்பு குறைந்தால் வயிற்றிலோ குடலிலோ ரத்தக் கசிவு உண்டா என்று டாக்டர் பார்த்தே ஆக வேண்டும், ஹீமோகுளோபின் ஏறினாலும்கூட. மாத்திரையால் மலம் கருப்பாவது சாதாரணம். தார்போல் பிசுபிசுத்து நாற்றமடித்தாலோ, நடக்கும்போது மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.